வாசகர் கேள்வி – பதில்: பிறர் திரட்டிய தரவை வைத்து ஆய்வு செய்யலாமா?

ஆய்வுப் பணிக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவைப் பயன்படுத்துவது குறித்து வாசகர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற மாதம் அறிவித்திருந்தோம். வந்தவற்றுள் கையால் எழுதி அஞ்சலில் சேர்த்த கடிதங்களும் இருந்தது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கி, ஏழு கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நெறியாளரைப் பற்றியும் கல்லூரியைப் பற்றியும் மனம்விட்டு எழுதியவர்கள் பலர் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தமிழ்நாட்டுப் பெண்களின் இரத்தசோகை பற்றித் தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுத் தரவை வைத்து எழுத விரும்பினேன். “யாரோ எடுத்து வைத்ததைப் பதிவிறக்கிக் கூட்டிக் கழிப்பது ஆய்வாகுமா? வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போ” என்கிறார் என் நெறியாளர். வாய்மொழித் தேர்வில் என்னைத் தள்ளிவிடுவார்களா? — ஆய்வு மாணவி, மேற்குத் தாம்பரம்

பதில்: உங்கள் நெறியாளர் சொல்வதில் பாதி சரி. சரியில்லாத பாதியை முதலில் பார்ப்போம்.

மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2019 முதல் 2021 வரை நடத்திய அந்த ஐந்தாம் சுற்றில் நாடு முழுவதும் 6,36,699 குடும்பங்களும் 7,24,115 பெண்களும் விவரம் அளித்திருக்கிறார்கள். ஓர் ஆய்வு மாணவி, உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாமல், பேருந்துக்கும் நகல் எடுப்பதற்கும் கைக்காசைச் செலவிட்டு முந்நூறு பேரைக் கேட்டு எழுதும் ஆய்வேட்டை மதிக்கும் குழு, இத்தனை லட்சம் பேரின் விடைகளை முறையாக ஆராய்ந்ததை மதிக்காமல் போவதற்குக் காரணம் ஏதுமில்லை. மக்கள்தொகைக் கணக்கை வைத்து எழுதிய ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களில் எவரும் வீடு வீடாகப் போய்த் தலை எண்ணவில்லை.

பிறர் தரவை மறுபடி கூட்டிப் பார்ப்பதுகூட எவ்வளவு பெரிய வேலையாக முடியும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அரசின் கடன், நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் பொருளாதார வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதமாகச் சரியும் என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் எழுதினார்கள். செலவுக் குறைப்பை வற்புறுத்திய அரசியல்வாதிகள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார், விடை வரவில்லை. அந்தப் பேராசிரியர்களிடமே கேட்டு அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கித் திறந்தபோது, 30-ஆவது வரிசையிலிருந்து 49-ஆவது வரிசை வரை எடுத்திருக்க வேண்டிய சராசரி 44-ஆவது வரிசையோடு நின்றுபோய், ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை ஐந்து நாடுகள் விடுபட்டிருப்பதைக் கண்டார். சில நாடுகளின் சில ஆண்டுகள் சேர்க்கப்படாததையும் சராசரி கண்ட முறையையும் சேர்த்துத் திருத்தியபோது அந்த மைனஸ் 0.1 என்பது 2.2 ஆயிற்று. 2013-இல் வெளியான அந்தக் கட்டுரைக்காக அவர் ஒரு வீட்டுக் கதவையும் தட்டவில்லை. கேட்ட மாணவருக்குக் கோப்பைக் கொடுத்த பேராசிரியர்களையும் இந்த இடத்தில் பாராட்டத்தான் வேண்டும். கொடுக்காமலே இருந்துவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி, உங்கள் நெறியாளர் சொல்வதில் சரியான பாதி. தரவைப் பதிவிறக்கியதும் மென்பொருளில் ஏற்றி, பொத்தானை அழுத்தி, வருகிற அட்டவணையை ஒட்டிவைப்பதைத்தான் அவர் ஆய்வில்லை என்கிறார் என்றால் நான் அவர் பக்கம். நீங்கள் எடுத்துக்கொண்ட தரவிலேயே மூன்று இடங்களைக் காட்டுகிறேன். முதலாவது, மாதிரி எடை. சிறிய மாநிலங்களுக்கும் தனி மதிப்பீடு கிடைக்க வேண்டும் என்பதற்காக அங்கே மக்கள்தொகை விகிதத்தைவிடக் கூடுதலானவர்களைக் கேட்டிருப்பார்கள். அதைச் சமன்செய்ய ஒவ்வொருவருக்கும் ஓர் எடை தரப்பட்டிருக்கிறது. அந்த எடை, தசமப் புள்ளி இல்லாமல் பதியப்பட்டிருப்பதால், பத்து லட்சத்தால் வகுத்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, விடுபட்ட விடைகளுக்கான குறியீடு. உயரம் என்ற பத்தியில் 1524 என்றிருந்தால் 152.4 சென்டிமீட்டர் என்று பொருள். 9994 என்றிருந்தால் அளக்கப் போனபோது அவர் வீட்டில் இல்லை என்றும், 9995 என்றிருந்தால் அளக்க மறுத்துவிட்டார் என்றும் பொருள். இதை அறியாமல் சராசரி கண்டால், பத்து மீட்டர் உயரமுள்ள பெண்கள் தமிழ்நாட்டில் உலவுவதாகக் கணினி நம்பிவிடும். மூன்றாவதுதான் உங்கள் தலைப்புக்கு மிக முக்கியமானது. அந்த ஆய்வில் ஹீமோகுளோபினை அளந்தது விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தில். நாளத்திலிருந்து ஊசி வழியாக எடுத்த இரத்தத்தில் அளந்தால் இரத்தசோகையின் விகிதம் வேறாக வருகிறது என்பது மருத்துவ ஆய்வாளர்களிடையே நீண்ட நாளாக நடக்கும் விவாதம். உங்கள் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இந்த விவாதம் இல்லையென்றால், வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் உங்களைத் திணற வைப்பது நியாயமே.

எந்தத் தரவிலும் கிடைக்காத விடை என்றும் உண்டு. கர்ப்ப காலத்தில் இரும்புச் சத்து மாத்திரையை எத்தனை நாள் உட்கொண்டார் என்று அந்த வினாப்பட்டியல் கேட்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே அலமாரியில் ஏன் கிடக்கிறது என்பதற்கு அதில் விடை கிடையாது. அது உங்கள் கேள்வியானால், தாம்பரத்திலிருந்து பேருந்து ஏறித்தான் ஆக வேண்டும். லட்சக்கணக்கானோரின் எண்களோடு இருபது பேரின் சொற்களையும் சேர்த்து எழுதலாமா என்று நெறியாளரிடம் கேட்டுப் பாருங்கள். இருவருக்கும் மனநிறைவு கிடைக்கலாம்.

ஒரு சிறு திருத்தமும் உண்டு. கண்டிப்பாகப் பேசினால், தனிநபர் அளவிலான அந்தத் தரவு முழுத் திறந்தநிலைத் தரவு அன்று. எதற்காக வேண்டும் என்று எழுதிக்கொடுத்துப் பெறும் வகையைச் சேர்ந்தது. பெற்றதைத் தோழிக்குக் கைமாற்றுவதற்கு அனுமதி கிடையாது.

கேள்வி: ஓய்வுபெற்ற பொறியாளர் நான். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர் இருப்பையும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழை அளவையும் 2014 முதல் நாள்தோறும் நோட்டில் எழுதி வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் வானிலைத் துறைத் தரவோடு ஒப்பிட்டால் ஒரு நாள் தள்ளித் தள்ளி வருகிறது. 2015 டிசம்பர் 1 அன்று நான் கண்ணால் பார்த்த பெருமழை அவர்கள் கணக்கில் 2-ஆம் தேதியில் இருக்கிறது. யார் கணக்கு தவறு? இதை வைத்துக் கட்டுரை எழுத முடியுமா? — வேளச்சேரி வாசகர்

பதில்: வேளச்சேரியில் இருந்துகொண்டு அந்த மழையைப் பார்த்தவரிடம் தேதி தவறு என்று யாரும் வாதாட முடியாது. இரண்டு கணக்கும் சரி. நம் வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. அந்த நேரத்தில் மழைமானியைப் பார்த்து எழுதும் அளவு, முந்தைய 24 மணி நேரத்துக்குரியது என்றாலும், எழுதிய நாளின் தேதியில்தான் பதிவாகும். ஆகவே டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் கொட்டித் தீர்த்து, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் அளவைத் தொட்ட மழை, 2-ஆம் தேதி காலைப் பதிவாக நிற்கிறது. மழையை ஒரு தேதியிலும் அடையாற்றில் நீர் உயர்ந்ததை மற்றொரு தேதியிலும் வைத்துக்கொண்டு, மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததாகக் காட்டும் மாணவர் கட்டுரைகளை நான் திருத்தியிருக்கிறேன்.

புனேயிலிருந்து வானிலைத் துறை இலவசமாகத் தரும் கட்ட வாரியான மழைத் தரவையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். 1901 முதல் ஒவ்வொரு நாளுக்கும் கிடைக்கிற அருமையான சொத்து அது. ஆனால் அதன் ஒரு கட்டம் கால் பாகை அகலமும் கால் பாகை நீளமும் உடையது. சென்னைப் பக்கத்தில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம். தியாகராய நகரில் குடை விரிக்க, மீனம்பாக்கத்தில் வெயில் காய்கிற ஊரில், அந்தச் சதுரத்துக்கு ஒரே எண் என்பதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். ஐம்பது ஆண்டுப் போக்கைக் காண்பதற்கு அது போதும். உங்கள் தெருவில் ஏன் தண்ணீர் நின்றது என்பதற்குப் போதாது.

ஏரிக் கணக்கில் வேறொரு பொறி இருக்கிறது. பொறியாளரான நீங்கள் அதைக் கவனித்திருக்கவும் கூடும். குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் பட்டியலில் பூண்டி 3,231, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி என்று கொள்ளளவு குறிக்கப்பட்டிருக்கும். சோழவரம் முன்பு 881, இப்போது 1,081. அத்துடன் 2020-இல் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடியோடு சேர்ந்தது. ஆக மொத்தக் கொள்ளளவு 11,057-இலிருந்து 11,757 ஆகிவிட்டது. ஏரிகளில் 5,500 மில்லியன் கன அடி நீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பழைய கணக்கில் அது 49.7 சதவீதம், புதிய கணக்கில் 46.8 சதவீதம். ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் மூன்று சதவீதம் வற்றிப்போகும்! உங்கள் நோட்டில் சதவீதத்தை மட்டும் எழுதியிருந்தால் கட்டுரை எழுதுவது கடினம். மில்லியன் கன அடியில் எழுதியிருந்தால், 2015 வெள்ளத்தையும் ஏரிகள் வறண்டு கிடந்த 2019 கோடையையும் ஒரே கையெழுத்தில் கொண்ட அந்த நோட்டுகள் விலைமதிப்பற்றவை. அன்றாடம் வெளியாகி மறுநாள் மாறிவிடுகிற எண்ணைத் தொடர்ச்சியாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? தயவுசெய்து அவற்றைத் தட்டச்சு செய்து வையுங்கள்; எங்கே வைப்பது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சென்னையின் மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 26,553 என்று ஒரு நூலிலும், ஏறத்தாழ 10,900 என்று ஒரு கட்டுரையிலும் இருக்கிறது. இரண்டுமே 2011 மக்கள்தொகைக் கணக்கைத்தான் ஆதாரமாகக் காட்டுகின்றன. மாணவர்களுக்கு எதைச் சொல்வது? — ஆசிரியை, குரோம்பேட்டை

பதில்: முதல் எண்ணைச் சொல்லுங்கள், இரண்டாவது எண் எப்படிப் பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாடம் அதில்தான் இருக்கிறது. 2011 பிப்ரவரியில் தலை எண்ணியபோது சென்னை மாவட்டத்தில் இருந்தவர்கள் 46,46,732 பேர். அன்றைய பரப்பு 175 சதுர கிலோமீட்டர். வகுத்தால் 26,553 வரும். அதே ஆண்டு அக்டோபரில்தான் அம்பத்தூர், மாதவரம், ஆலந்தூர் என்று மாநகராட்சி விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆகி, பரப்பு 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. கட்டுரை எழுதியவர் பழைய தலைக்கணக்கைப் புதிய பரப்பால் வகுத்திருக்கிறார். மக்களை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் சேர்த்துக்கொண்டார்.

மாவட்ட வாரியாக எழுதுகிற எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. 2011-இல் 32 ஆக இருந்த மாவட்டங்கள் இன்று 38. குரோம்பேட்டை அன்று காஞ்சிபுரம் மாவட்டம், 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டம். செங்கல்பட்டு மாவட்டத்தின் 2011 எழுத்தறிவு விகிதம் என்று ஓர் எண்ணைக் கண்டால், யாரோ வட்ட வாரியாகக் கூட்டிச் செய்தது என்று கொள்ளுங்கள். எந்தெந்த வட்டங்களைக் கூட்டினார் என்று எழுதியிருந்தால் நம்பலாம். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்பதால், அதுவரை இந்த ஒட்டுப்போடும் வேலை தொடரும்.

கேள்வி: அரசு இணையதளத்தில் இருக்கும் எந்தக் கோப்பையும் அனுமதியின்றி ஆய்வில் பயன்படுத்தலாமா? — முதுகலை மாணவர், வியாசர்பாடி

பதில்: படிக்கலாம், மேற்கோள் காட்டலாம். அப்படியே எடுத்து மறுபடி வெளியிடுவதற்கு உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதாலேயே ஒன்று திறந்தநிலைத் தரவு ஆகிவிடாது. பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரியவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மத்திய அரசு 2012-இல் தரவுப் பகிர்வுக் கொள்கையை வகுத்து, அதே ஆண்டில் அதற்கென ஒரு தளத்தையும் திறந்தது. அங்குள்ளவற்றுக்கு 2017-இல் அறிவிக்கப்பட்ட அரசுத் திறந்தநிலைத் தரவு உரிமம் பொருந்தும்: மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அரசே உங்கள் முடிவை ஆதரிப்பதாகத் தோன்றும்படி எழுதக் கூடாது. பிற துறைத் தளங்களில் அடியில் இருக்கும் பதிப்புரிமைக் குறிப்பைப் படியுங்கள். தளத்திலேயே இல்லாத தகவல் என்றால் இருக்கவே இருக்கிறது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி மனு எழுதுங்கள். எண்களை எக்செல் கோப்பாகத் தரும்படி அதிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கோணலாக ஸ்கேன் செய்த நாற்பது பக்கங்கள் வந்து சேரும், 3 எது 8 எது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து சென்னையில் வீட்டு வேலை செய்யும் அறுபது பெண்களைச் சந்தித்து ஆய்வுக் கட்டுரை எழுதினோம். ஏற்றுக்கொண்ட ஆய்விதழ், மூலத் தரவை எல்லோரும் பார்க்கும்படி ஒரு களஞ்சியத்தில் வைக்கச் சொல்கிறது. பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டோம். இது போதுமா? — சமூகப்பணித் துறை விரிவுரையாளர், பெரம்பூர்

பதில்: போதாது. கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த மாதிரி வரிசையைப் பார்த்ததும் எனக்குச் சற்று அச்சமாகவே இருந்தது. அதை இங்கே வெளியிடப் போவதில்லை. அது போன்ற ஒன்றை நானே கற்பனையாக எழுதிக் காட்டுகிறேன். “வயது 43, சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், கணவர் இல்லை, மூன்று பெண்கள், மூத்தவள் செவிலியர் படிப்பு, ஒரே அடுக்குமாடியில் நான்கு வீடுகளில் வேலை, இருப்பிடம் கண்ணகி நகர், ஒரு வீட்டில் மூன்று மாதச் சம்பளப் பாக்கி.” இதில் பெயர் இல்லைதான். ஆனால் அந்த நான்கு வீட்டில் யார் படித்தாலும் இன்னார் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சம்பளப் பாக்கி வைத்தவருக்கு இன்னும் விரைவாகத் தெரியும். மறுநாள் அந்த அம்மாவுக்கு வேலை இருக்குமா?

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990-களில் அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி இருபது டாலருக்கு ஒரு நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்து, மாநில ஆளுநராக இருந்த வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே கண்டெடுத்தார். அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்று விவரங்களை மட்டும் கொண்டே தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று பின்னர் அவர் கணக்கிட்டார். தேசியக் குடும்ப நல ஆய்வு போன்ற பெரிய ஆய்வுகளில், கணக்கெடுத்த இடத்தின் வரைபடப் புள்ளியை நகரங்களில் 2 கிலோமீட்டர் வரையிலும் கிராமங்களில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரையிலும் வேண்டுமென்றே நகர்த்தி வைத்துத்தான் தருகிறார்கள். லட்சக்கணக்கானோர் உள்ள தரவுக்கே இத்தனை எச்சரிக்கை என்றால், அறுபது பேர் உள்ள தரவுக்கு எவ்வளவு வேண்டும்!

நீங்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது, அந்தப் பெண்கள் கையெழுத்தோ கைரேகையோ இட்ட ஒப்புதல் படிவம். “ஆய்வுக்கு மட்டும், எங்கள் மூவரைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள்” என்று அதில் எழுதியிருந்தால் பேச்சு முடிந்தது. ஆய்விதழுக்கு அந்த வாசகத்தையே மொழிபெயர்த்து அனுப்புங்கள். பொறுப்புள்ள ஆய்விதழ்கள் இத்தகைய தரவுக்கு விலக்கு அளிக்கின்றன. படிவத்தில் பகிர்வுக்கு இடம் இருந்தால், வயதை ஐந்தாண்டுப் பிரிவாக்கி, ஊரை மண்டலமாக்கி, பேசிய சொற்களில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் பகுதிகளை நீக்கி, மீதியை மட்டும் வையுங்கள். அல்லது கேட்பவர் யார் என்று பார்த்துக் கொடுக்கும் முறையில் வையுங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது என்று ஒருவர் உங்களிடம் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அந்த விலக்கு உங்களை வழக்கிலிருந்து காப்பாற்றலாம். சம்பளப் பாக்கி வைத்தவரிடமிருந்து அந்த அம்மாவைக் காப்பாற்றாது.

கேள்வி: தமிழ் இலக்கிய ஆய்வுக்குத் திறந்தநிலைத் தரவு என்று ஏதாவது உண்டா? சொற்களை எண்ணி ஆய்வு செய்ய ஆசை. — இளங்கலைத் தமிழ் மாணவர், இராயபுரம்

பதில்: உண்டு, தாராளமாகவே உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து சேர்த்த இலக்கிய மின்பதிப்புகளை இன்றும் இலவசமாகத் தருகிறது. கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. நூல்களை நாட்டுடைமையாக்கும் நம் வழக்கம் இதற்குப் பெருந்துணை. 1949-இலேயே பாரதி படைப்புகளின் உரிமையை அரசுடைமையாக்கி, பின்னர் பொதுச்சொத்தாக்கிய மாகாணம் இது. திறந்த உரிமம் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே நாம் அதைச் செய்திருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

எண்ணத் தொடங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். முதல் குறளில் ‘எழுத்து’ என்ற சொல் இருக்கிறதா என்று கணினியைக் கேட்டால், சீர் பிரித்து ‘எழுத்தெல்லாம்’ என்று அச்சிட்ட பதிப்பில் இல்லை என்றும், சந்தி பிரித்து ‘எழுத்து எல்லாம்’ என்று அச்சிட்ட பதிப்பில் இருக்கிறது என்றும் சொல்லும். ‘முதற்றே’ என்பதற்குள் ‘முதல்’ ஒளிந்திருப்பதை அதற்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். ஆகவே எந்தப் பதிப்பை, எந்த மின்வடிவில் எடுத்தீர்கள் என்று எழுதாத சொற்கணக்கு செல்லாது. இன்னொரு தொல்லை கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. எண்ணுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றும் சிறு நிரலை, கணினித் துறை நண்பர் யாரிடமாவது ஒரு தேநீருக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறு ஆண்டு உழைத்துத் திரட்டிய தரவை வெளியே வைத்தால் யாராவது திருடிக்கொள்ள மாட்டார்களா? வைப்பதென்றால் எங்கே, எப்படி வைப்பது? — ஆய்வாளர், கிண்டி

பதில்: நீங்கள் கிண்டியிலிருந்து எழுதுவதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் தம் உடனுழைப்பாளர்களோடு 1963-இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று காட்டும் இராமச்சந்திரன் வரைபடத்தைக் கொண்டுதான், புரத மூலக்கூறுகளின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்து வைக்கும் உலகப் புரதத் தரவு வங்கிக்கு வரும் அமைப்புகள் இன்றளவும் சரிபார்க்கப்படுகின்றன. 1971-இல் ஏழே ஏழு அமைப்புகளோடு தொடங்கிய அந்த வங்கியில் இப்போது இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. எவரும் இலவசமாக எடுக்கலாம். புரதத்தின் வடிவத்தைக் கணினியால் முன்கூட்டிக் கணித்ததற்காக 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் தங்கள் மென்பொருளைப் பழக்கியது அந்த வங்கியின் தரவில்தான். ஒவ்வோர் அமைப்புக்கும் அதைக் கொடுத்தவரின் பெயர் அங்கே இருக்கிறது.

திருட்டுப் பயத்துக்கு நடைமுறை விடை, தேதியும் நிலையான அடையாள எண்ணும் பெற்றுக்கொள்வது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்தும் செனோடோ களஞ்சியத்தில் கட்டணமின்றிக் கோப்பை ஏற்றலாம். ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட் வரை இடம் உண்டு, டி.ஓ.ஐ. என்னும் அந்த நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். உங்கள் கட்டுரை வெளிவரும் வரை கோப்பை மூடி வைத்து, குறித்த நாளில் தானாகத் திறக்கும்படி செய்யலாம். பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். கோப்பை, காற்புள்ளியால் பிரித்த எளிய உரை வடிவமான சி.எஸ்.வி.யில் வையுங்கள், கூடவே, ஒவ்வொரு பத்தியும் எதைக் குறிக்கிறது, எந்த அலகு, விடுபட்டதற்கு என்ன குறி, எங்கே எதைத் திருத்தினீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். எக்செல் கோப்பைத் திறந்து மூடும்போது கவனம் தேவை: வயதுப் பிரிவு ‘5-9’ என்று எழுதியதை அது தேதியாக மாற்றிவிடும். எக்செல் பட்டியல்களை இணைத்து வெளிவந்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்படி மரபணுப் பெயர்கள் சிதைந்திருப்பதை 2016-இல் கண்டுபிடித்தார்கள். எக்செல் திருந்துவதாகத் தெரியாததால், 2020-இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1991-இல் தொடங்கி, காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பங்களிடம் இரண்டு கோடைகள் அலைந்து திரட்டிய விவரங்களை ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளில் ஏற்றி, நான் பணிசெய்த கல்லூரியின் துறை அலமாரியில் பூட்டி வைத்தேன். யாரும் திருடிவிடக் கூடாது என்று சாவியையும் நானே வைத்துக்கொண்டேன். பத்தாண்டு கழித்து, அந்த ஊரில் அதே ஆய்வை மறுபடி செய்யப் புறப்பட்ட ஒரு பெண் வந்து கேட்டபோது அலமாரியைத் திறந்தேன். ஃபிளாப்பிகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. அவற்றைப் படிக்கும் கருவியும் கல்லூரியில் ஒன்றுகூட இல்லை. தாள் படிவங்களை வெள்ளையடித்த ஆண்டில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டதாக உதவியாளர் சொன்னார். என் ஆய்வேட்டிலுள்ள பதினான்கு அட்டவணைகளை அந்தப் பெண்ணுக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். “இதில் கைத்தறி வைத்திருந்தவர்களையும் கூலிக்கு நெய்தவர்களையும் பிரித்துத் தர முடியுமா ஐயா?” என்று கேட்டார். முடியவில்லை.